கொக்கிப் பின்னலும் கஞ்சிப் பதமும்



வங்காளத்தில் குடியேறிய தமிழர் வீட்டில் ஆவணி மாதத்திற்கு இரண்டு பெயர்கள் உண்டு. நம்முடைய நாட்காட்டியில் அது ஆவணி. அடுத்த வீட்டாருக்கு அது பாத்ர மாதம். விடாது பெய்த மழை சற்றே விலகி நிற்க, மேகங்களின் நடுவிலிருந்து கண் கூசும் வெயில் ஒன்று அப்பொழுது அடிக்கும். அந்த வெயிலை வங்காளிகள் வீணாக்குவதில்லை. பட்டுப் புடவைகள், கம்பளி உடைகள், பழைய புத்தகங்கள் ஆகிய எல்லாவற்றையும் மாடிக்குக் கொண்டு சென்று காயவைப்பார்கள். மழைக்கால ஈரத்தையும் பூச்சியையும் ஒருங்கே ஓட்டுவதற்கு அவர்கள் வழிவழியாகக் கைக்கொண்ட முறை அது.

கல்கத்தாவின் தென்பகுதியில் உள்ள பவானிபூரில் நாமும் அந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொண்டோம். இந்தியாவின் முதல் சுரங்க ரயில் 1984ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் நாள் எஸ்பிளனேடிலிருந்து புறப்பட்டு வந்து நின்ற இடம் இந்தப் பவானிபூர்தான். மேலே மாடிகளில் ஆவணி வெயில் காயும்பொழுது, வரிசையாக விரித்த புடவைகளுக்கு இடையே வெள்ளை நூலால் பின்னிய வட்ட விரிப்புகள் சிலவும் கண்ணில் படும். டாய்லி என்று சிலரும், குரோஷா விரிப்பு என்று சிலரும் அவற்றைச் சொல்வர். வானொலிப் பெட்டியின் மேல், பூச்சாடியின் கீழ், விருந்தினருக்கு நீட்டும் தட்டின் நடுவில் என்று ஒரு காலத்தில் அவை இல்லாத இடமே இல்லை. இன்று அவற்றுள் பல பெட்டிக்குள் மஞ்சள் பூத்து, சுருங்கி, உருவம் கலைந்து கிடக்கின்றன. பின்னியவர்களின் கைகள் ஓய்ந்துவிட்டன. எடுத்து வைத்திருப்பவர்களுக்கோ அவற்றை என்ன செய்வது என்று தெரியவில்லை. தூக்கி எறியவும் மனம் வருவதில்லை. விரித்து வைக்கவும் முடிவதில்லை.

இந்த நிலைக்குக் காரணம் ஒன்றுதான். பின்னத் தெரிந்தவர் நம்மிடையே இன்றும் உண்டு. பின்னியதைப் பதப்படுத்தி முடிக்கத் தெரிந்தவர் குறைந்துவிட்டனர். கொக்கி ஊசியைக் கீழே வைத்த உடனே விரிப்பு முடிந்துவிட்டது என்று எண்ணுகிறோம். உண்மையில் அப்பொழுது பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. நனைத்து, முள் குத்தி இழுத்து, கஞ்சியிட்டு உலர்த்துவது மறுபாதி. அந்த மறுபாதியையும் ஒரு முறை செய்தால் போதாது, ஆண்டுதோறும் செய்யவேண்டும். இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் இதுவே.

முதலில் இந்தக் கலையின் பெயரைப் பார்ப்போம். பிரெஞ்சு மொழியில் 'குரோஷே' என்றால் சிறு கொக்கி. அந்தச் சொல் தமிழில் 'குரோஷா' என்றும், வங்காளத்தில் 'குருஷ்' என்றும் ஆயிற்று. ஊசியை அவர்கள் 'குருஷ் காட்டா' என்பர். பொருளும் ஒன்று, சொல்லும் ஒன்று. ஆகவே வங்காள மொழி அறியாது வந்து இறங்கிய தமிழ்ப் பெண்ணுக்கும் அடுத்த வீட்டு அம்மையாருக்கும் பேச்சுத் தொடங்குவதற்கு இந்தக் கொக்கியே போதுமானதாக இருந்தது.

அயர்லாந்தில் 1845ஆம் ஆண்டு உருளைக்கிழங்குப் பயிர் நோயால் அழிந்து கொடும் பஞ்சம் வந்தது. அப்பொழுது பல குடும்பங்களுக்கு ஒரு வேளைச் சோறு தந்தது கொக்கிப் பின்னல். கன்னி மடங்களில் கற்பிக்கப்பட்ட அந்த வேலை வெளிநாடுகளில் விலை போயிற்று. நம் நாட்டிலும் பாதிரிமார் குடும்பங்களே பின்னல் வேலைகளைப் பல இடங்களில் பரப்பினர். தமிழகத்தின் தென்கோடியில், நாகர்கோவிலில், 1819ஆம் ஆண்டு வந்து சேர்ந்த மால்ட் தம்பதியரால் லேஸ் வேலை வேரூன்றியது. அது கொக்கியால் அன்று, சிறு கட்டைகளில் நூலைச் சுற்றிப் பின்னுவது. கொக்கிப் பின்னலுக்குப் பெயர் பெற்றது ஆந்திரத்தில் கோதாவரி முகத்துவாரத்தை அடுத்த நரசாபுரம். வங்காளத்திலோ இந்தக் கைவேலைகள் வேறொரு நோக்கத்தோடும் வளர்ந்தன. 1919ஆம் ஆண்டு அபலா போஸ் அம்மையார் தொடங்கிய நாரி சிக்ஷா சமிதியும், 1925ஆம் ஆண்டு மறைந்த சரோஜ் நளினி தத்தரின் நினைவாக அதே ஆண்டு எழுந்த சங்கமும், விதவைப் பெண்களும் ஏழைப் பெண்களும் சொந்தக் காலில் நிற்கவேண்டும் என்று கைத்தொழில்களைக் கற்பித்தன. ஆதலால் இதனைப் பொழுதுபோக்கு என்று ஒரு சொல்லில் ஒதுக்கிவிடுதல் தகாது.

இனிப் பின்னலுக்கு வருவோம். நூல் பருத்தி நூலாக இருக்கவேண்டும். அதுவும் மெர்சரைஸ் செய்த நூலாக இருத்தல் நலம். 1844ஆம் ஆண்டு ஜான் மெர்சர் என்னும் ஆங்கிலேயர், பருத்தியைக் காரச்சோடா நீரில் தோய்த்தால் இழை பருத்து வலிமை பெறுவதைக் கண்டறிந்தார். நூலை இழுத்துப் பிடித்துக்கொண்டே அவ்வாறு தோய்த்தால் பட்டுப் போன்ற பளபளப்பு வரும் என்பது பின்னர்த் தெரியவந்தது. நங்கூர முத்திரை இட்ட நூற்பந்துகளில் நாம் காணும் மினுமினுப்பு இவ்வாறு வந்ததே. நூலின் எண் கூடக் கூட நூல் மெல்லியதாகும். புதிதாகக் கற்பவர் 20ஆம் எண் நூலும் ஒன்றேகால் மில்லிமீட்டர் ஊசியும் கொள்ளலாம். கை பழகிய பின் 40க்கும் 60க்கும் போகலாம். ஒரு விரிப்புக்கு வேண்டிய பந்துகளை ஒரே நாளில், ஒரே சாயத் தொகுதியில் வாங்குவது முக்கியம். வெள்ளையிலும் பல வெள்ளை உண்டு என்பது இரண்டாம் பந்தைப் பிறகு வாங்கியவருக்குத்தான் தெரியும்.

வட்டம் தட்டையாக விழவேண்டும். அதுதான் முதற் சோதனை. தொடங்கியவர் பலருக்கு விரிப்பு கிண்ணமாகக் குழிந்துவிடும். அல்லது ஓரம் பாவாடைக் கொசுவம் போல் அலையடிக்கும். இதன் இரகசியம் பள்ளிக்கூடக் கணக்கில் இருக்கிறது. வட்டத்தின் ஆரம் ஓர் அளவு கூடினால், சுற்றளவு அதைப்போல் ஆறேகால் மடங்கு கூடும். குட்டைக் கண்ணின் உயரமும் அகலமும் ஏறத்தாழச் சமம். ஆகவே குட்டைக் கண்ணால் பின்னும்பொழுது சுற்றுக்கு 6 கண்கள் கூட்டவேண்டும். ஊசியில் ஒருமுறை நூலைச் சுற்றிக்கொண்டு போடும் நெட்டைக் கண் ஏறக்குறைய இரண்டு பங்கு உயரம். ஆகவே சுற்றுக்கு 12 கூட்டவேண்டும். ஐந்து சங்கிலிகளை வளையமாக்கி, அதற்குள் 12 நெட்டைக் கண்கள், அடுத்த சுற்றில் 24, அதற்கடுத்து 36, பின்பு 48. கண்கள் குறைந்தால் குழியும், மிகுந்தால் அலையும். நடுவில் சங்கிலிகளால் இடைவெளி விட்டு, அன்னாசிப்பழ வடிவம், விசிறி வடிவம் என்று எதை அமைத்தாலும் அடிப்படைக் கணக்கு இதுதான். ஒரு சாண் அகல விரிப்பை முடிக்க, 20ஆம் எண் நூலில் ஏறக்குறைய இருபது சுற்றுகளுக்கு மேல் வேண்டியிருக்கும்.

கண் என்று நாம் சொல்வதை வங்காளிப் பெண்கள் 'கோர்' என்பார்கள். வீடு, அறை என்பது அதன் பொருள். எங்களுக்குப் பின்னல் கற்பித்த அடுத்த வீட்டு அம்மையாரை நாங்கள் 'மாசிமா' என்று அழைப்போம். சிற்றன்னை என்று பொருள். அவர் எங்கள் வீட்டு மருமகளைத் தம் வீட்டு மருமகளைப் போலவே 'பௌமா' என்பார். மடியில் இருந்த விரிப்பை எட்டிப் பார்த்து, "இந்தச் சுற்றில் எத்தனை வீடு, பௌமா?" என்று கேட்பார். ஊரை விட்டு வந்து வாடகை வீட்டில் இருந்தவர்களுக்கு அந்தக் கேள்வி சிரிப்பையும் தந்தது. கொஞ்சம் நெஞ்சையும் தொட்டது.

அவர் கற்பித்ததை ஒருமுறை நாங்கள் கெடுத்தோம். ஊரிலிருந்து வந்த பெட்டியில் எங்கள் பாட்டி பின்னிய விரிப்பு ஒன்று இருந்தது. ஆடி மாதத்து அடைமழையில் அதனைத் துவைத்துக் கெட்டியான சோற்றுக் கஞ்சியில் தோய்த்து, தையற் பெட்டியில் கிடந்த இரும்புக் குண்டூசிகளால் பலகையில் குத்தி வைத்தோம். மூன்று நாளாகியும் அது உலரவில்லை. நான்காம் நாள் ஊசிகளைப் பிடுங்கியபொழுது ஓரம் முழுவதும் துருப்புள்ளிகள். நடுவில் சாம்பல் நிறப் பூஞ்சை. எலுமிச்சைச் சாறும் உப்பும் இட்டு வெயிலில் வைத்தும் புள்ளிகள் வெளிறினவேயன்றி மறையவில்லை. பாட்டி பல மாதம் உட்கார்ந்து செய்ததை நாங்கள் நான்கு நாளில் கறைப்படுத்தினோம். மாசிமா கடிந்துகொள்ளவில்லை. "பாத்ர மாதம் வரும்வரை பொறுத்திருக்கக் கூடாதா?" என்று மட்டும் கேட்டார். அந்தத் தவற்றிலிருந்து கற்றதையே இப்பொழுது முறையாகக் கூறுகிறோம்.

விரிப்பை நனைக்கும் முன் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கவேண்டும். எங்கேனும் இழை அறுந்திருந்தால் முதலில் அதே பருமனுள்ள நூலால் தைத்துவிடவேண்டும். இல்லையேல் துவைப்பில் சிறு ஓட்டை பெரிதாகிவிடும். பிறகு வெதுவெதுப்பான நீரில் மென்மையான சோப்பைக் கரைத்து ஊறவைத்து, உள்ளங்கையால் அழுத்தி அழுத்தி அழுக்கை எடுக்கலாம். தேய்க்கவும் கூடாது; முறுக்கிப் பிழியவும் கூடாது. பழைய விரிப்பானால் ஒரு வெள்ளைத் துணியில் ஏந்தியபடியே நீரிலிருந்து எடுப்பது நல்லது; நீரின் கனத்தில் நைந்த இழைகள் அறுந்துபோகும். மஞ்சள் படிந்திருந்தால் பலமுறை நீரை மாற்றி ஊறவைத்து, ஈரத்தோடு வெயிலில் விரிக்கலாம். கடையில் விற்கும் குளோரின் வெளுப்புத் தூளை நாடவேண்டாம். அது கறையோடு நூலின் உயிரையும் எடுத்துவிடும். கடைசி நீரில் ஒரு துளி நீலம் கலந்தால் மஞ்சள் சாயல் மறைந்து வெண்மை தோன்றும். ஒரு துளி என்பதை நினைவில் வைக்கவேண்டும். இரண்டாம் துளியில் விரிப்பு வானத்தின் நிறம் கொண்டுவிடும்.

அடுத்தது கஞ்சி. தமிழ் வீடுகளில் வடித்த சோற்றுக் கஞ்சி எப்பொழுதும் உண்டு. வங்காளிகளும் அதனையே 'மாட்' என்று சொல்லிப் பருத்திப் புடவைகளுக்கு இடுவர். சேலைக்கு அது சிறந்தது. ஆனால் பின்னலின் சிறு கண்களில் அது அடைத்துக்கொள்ளும், வெண்மையும் மங்கும். விரிப்புக்கு ஜவ்வரிசிக் கஞ்சியோ அரோரூட் கஞ்சியோதான் ஏற்றது. வங்காளத்தில் 'சாபு' என்று கேட்டு வாங்கும் ஜவ்வரிசி, நம் சேலம் வட்டாரத்தில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து செய்யப்படுவதே. இரண்டு மேசைக் கரண்டி ஜவ்வரிசியை ஊறவைத்து, இரண்டு குவளை நீரில் கண்ணாடி போல் தெளியும்வரை காய்ச்சி, மெல்லிய துணியில் வடிகட்டவேண்டும். அரோரூட் மாவானால் ஒரு மேசைக் கரண்டி மாவைக் கால் குவளைக் குளிர்ந்த நீரில் கட்டியின்றிக் கரைத்து, ஒரு குவளைக் கொதிநீரில் சிறிது சிறிதாக ஊற்றிக் கிளறினால் போதும். மாவை நேரே கொதிநீரில் கொட்டினால் ஒவ்வொரு கட்டியின் மேற்புறமும் வெந்து, உள்ளே மாவு பச்சையாகவே தங்கிவிடும். சூட்டில் மாவின் நுண்மணிகள் நீரை உறிஞ்சி உப்பி உடைந்து பசையாகின்றன. அந்தப் பசை உலரும்பொழுது இழையோடு இழையைப் பிணைக்கிறது. கஞ்சி விறைப்புத் தருவது இவ்வாறுதான்.

கஞ்சி கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியபின் ஈர விரிப்பை அதில் தோய்த்து, உள்ளங்கைகளுக்கிடையே அழுத்தி எடுத்து, ஒரு துவாலையில் வைத்து ஒற்றவேண்டும். கண்களில் படலம் நின்றால் வாயால் ஊதினாலே விலகும்.

இனி முள் குத்துதல். ஒரு மெத்தென்ற பலகையின் மேல் வெள்ளைத் தாளை வைத்து, பென்சிலால் விரிப்பின் அளவுக்கு ஒரு வட்டம் வரைந்து, அதனைக் கடிகார முகம்போல் 12 பங்காகப் பிரித்துக் கோடிடவேண்டும். பென்சில் கரி நூலில் ஒட்டாதபடி மேலே ஒரு பிளாஸ்டிக் தாள் பரப்பலாம். ஊசிகள் பித்தளையாகவோ துருப்பிடிக்காத எஃகாகவோ இருக்கவேண்டும். இதில் சிக்கனம் கூடாது என்பதற்கு எங்கள் பாட்டியின் விரிப்பே சாட்சி. முதலில் நடுவில் ஓர் ஊசி. பிறகு 12 மணிக்கு ஒன்று, அதற்கு நேர் எதிரே 6 மணிக்கு ஒன்று; அடுத்து 3, அதற்கு எதிரே 9. எப்பொழுதும் எதிரெதிராகவே இழுத்துக் குத்தவேண்டும். ஒரே பக்கமாகச் சுற்றிக்கொண்டு வந்தால் வட்டம் முட்டை வடிவாகிவிடும். பின்பு இடைப்பட்ட விசிறிகள், அவற்றின் முனையிலுள்ள சிறு முத்துக்கள் என்று ஒவ்வொன்றாக நீட்டிக் குத்தினால், அதுவரை கசங்கிக் கிடந்த நூற்கும்பலில் பின்னியவள் மனத்தில் கண்ட உருவம் மெல்ல மெல்ல வெளிப்படும். இந்த வேலையில் உள்ள இன்பம் எல்லாம் அந்த அரை மணி நேரத்தில்தான் இருக்கிறது.

உலர்த்துவதற்கு வெயிலும் காற்றும் வேண்டும். முற்றும் உலருமுன் ஊசியைப் பிடுங்கக்கூடாது. தேய்ப்புப் பெட்டி வேண்டுமானால், கனத்த துவாலையின் மேல் விரிப்பைக் கவிழ்த்து, மேலே ஒரு துணியிட்டு இலேசாக அழுத்தலாம். முத்துக்கள் நசுங்காமல் எழுந்து நிற்கும்.

நம் ஊரில் சிலர் சர்க்கரைப் பாகில் தோய்த்துக் கூடைபோல் விறைக்க வைப்பதுண்டு. வறண்ட ஊர்களில் அது நடக்கும். கல்கத்தாவின் மழைக்காலத்தில் காற்றின் ஈரப்பதம் பல நாள் நூற்றுக்கு 80க்கு மேல் நிற்கும். சர்க்கரை அந்த ஈரத்தை இழுத்துக் கசிந்து, எறும்புகளுக்கு விருந்தாகும். கஞ்சியும் ஈரத்தில் தளரவே செய்யும். அதற்காகக் கஞ்சியைக் கெட்டியாக்கினால் பூஞ்சை பிடிக்கும். மழை மாதங்களில் கஞ்சி இல்லாத விரிப்பை முள் குத்தி உலர்த்திப் போட்டுக்கொள்வதே அறிவுடைமை. வெயில் வந்தபின் கஞ்சி. பம்பாயின் கடலோரத்தில் வாழும் நேயர்களுக்கும் இது பொருந்தும். தில்லியின் வறண்ட காற்றில் வாழ்பவர்களுக்கு இவ்வளவு கவலை இல்லை.

எடுத்து வைக்கும்பொழுது ஒரு விதி உண்டு. கஞ்சியோடு எதையும் பெட்டியில் வைக்காதீர்கள். கரப்பானும் வெள்ளிப் பூச்சியும் மாவுப் பொருளைத் தேடி வரும். மாவோடு நூலும் போகும். விறைத்த மடிப்பில் இழைகள் முறியவும் செய்யும். கஞ்சியைத் துவைத்துப் போக்கி, நன்றாக உலர்த்தி, மடிக்காமல் சுருட்டி, வெள்ளைத் துணியில் பொதிந்து வைக்கவேண்டும். செய்தித்தாளும் நேரே படும் மரப்பலகையும் நாளடைவில் பழுப்புக் கறை ஏற்றும். உலர்ந்த வேப்பிலையையும், கருஞ்சீரகம் கட்டிய சிறு முடிச்சையும் வங்காளிப் பெண்கள் துணிகளுக்கிடையே வைப்பர். வேப்பிலை நமக்கும் புதிதன்று.

கடையில் மலிவாக இயந்திர விரிப்பு கிடைக்கையில் இத்தனை பாடு எதற்கு என்று கேட்பவர் உண்டு. கேள்வி நியாயமானதே. நரசாபுரத்துப் பெண்களைப் பற்றி மரியா மீஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1982ஆம் ஆண்டு ஒரு நூல் வெளியிட்டார். உலகச் சந்தைக்கு நாள் முழுதும் பின்னிய அந்தப் பெண்களை, ஓய்வு நேரத்தில் கைவேலை செய்யும் இல்லத்தரசிகள் என்றே மற்றவர்கள் கணக்கிட்டதனால், அவர்களுக்குக் கிடைத்த கூலி மிகச் சொற்பமாயிற்று என்று அவர் காட்டினார். 2024ஆம் ஆண்டு நரசாபுரத்துப் பின்னலுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயருக்குக் காவல் வந்துவிட்டது. கைக்கு உரிய மதிப்பை வாங்குபவர்தாம் தரவேண்டும். தாமே ஒரு விரிப்பை முதற் சங்கிலியிலிருந்து கடைசி முள் வரை முடித்துப் பார்த்தவர், கையால் பின்னியதை வாங்கும்பொழுது பேரம் பேசமாட்டார். நம் வீட்டுப் பெட்டியில் கிடப்பதையும் பழந்துணி என்று சொல்லமாட்டார்.

வங்காளத்தில் துர்க்கா பூஜையும் நம் நவராத்திரியும் ஒரே நாட்களில் வருகின்றன. பவானிபூரில் தெருவெல்லாம் பந்தல் எழும்பொழுது, தமிழர் வீட்டில் கொலுப்படி எழுகிறது. பத்தாம் நாளுக்குப் பின் அண்டை வீட்டார் விஜயா வாழ்த்துச் சொல்ல வருவார்கள். தேங்காய் உருண்டை கொண்டுவருவார்கள். நாம் சுண்டல் தருவோம். அந்தத் தட்டுகளின் மேல் ஒரு வெள்ளை விரிப்பு வேண்டும். எங்கள் பாட்டியின் விரிப்பை இன்றும் ஒவ்வோர் ஆவணியிலும் துவைத்து, பித்தளை ஊசி குத்தி, கஞ்சியிட்டு எடுக்கிறோம். துருப்புள்ளிகள் இருக்கத்தான் செய்கின்றன. ஊசி குத்தும் நாளில் வீட்டுச் சிறுமிகளையும் அருகில் உட்காரவைத்துக்கொள்கிறோம். 12 மணிக்கு ஒன்று, 6 மணிக்கு ஒன்று என்று அவர்கள் குத்துகிறார்கள். புள்ளிகள் எப்படி வந்தன என்று கேட்கிறார்கள். நாங்கள் மறைக்காமல் சொல்கிறோம்.

நேயர்களே, உங்கள் பெட்டியிலும் அப்படி ஒன்று இருக்கக்கூடும். அடுத்து நல்ல வெயில் அடிக்கும் நாளில் அதை எடுத்துப் பாருங்கள்.